எம்போலிசம்: தமிழில் தக்கையடைப்பு

தாறுமாறான இதயத்துடிப்புக்கு மின்அதிர்ச்சியோ அப்லேஷனோ (தாறுமாறான துடிப்பைக் கிளப்பும் இதயத் திசுவைச் சுட்டோ உறையவைத்தோ செயலிழக்கச் செய்யும் சிகிச்சை) செய்துகொண்டவரின் டிஸ்சார்ஜ் தாளில் ‘எம்போலிசம் தடுப்பு’ என்ற வரியைப் பார்க்கலாம். துடிப்புதான் சீராகிவிட்டதே, அப்புறம் இது எதற்கு?

கிரேக்கத்தில் ‘எம்பல்லெய்ன்’ என்றால் உள்ளே எறிவது. அதிலிருந்து வந்த ‘எம்போலோஸ்’, துளையில் செருகும் முளை, அடைப்பான். 1840களில் ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ச்சோ, ஓரிடத்தில் உறைந்த ரத்தம் பிய்ந்து ஓடி வேறோர் இடத்துக் குழாயை அடைப்பதை விளக்கி, அதற்கு ‘எம்போலியா’ என்று பெயர் வைத்தார். உறைந்து ஒட்டிக் கிடக்கும்வரை அது திராம்பஸ், கிளம்பிவிட்டால் எம்போலஸ்.

தமிழில் பலரும் இரண்டையும் ‘ரத்தக்கட்டி’ என்றே எழுதிவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. கட்டி என்றதும் புற்றுநோயோ என்று பதறுகிறார்கள். ரத்தக்கட்டு என்றாலோ அடிபட்ட வீக்கம். திராம்பஸை உறைகட்டி என்றும் எம்போலஸைத் தக்கை என்றும் சொன்னால் குழப்பமே இல்லை. தக்கை புட்டி வாயை அடைக்கும். தூண்டில் கயிற்றில் மிதக்கவும் செய்யும். கிரேக்கச் சொல்லில் அடைப்பு மட்டும்தான் இருக்கிறது, மிதப்பு இல்லை.

மிதந்து வருவதுதான் இங்கே வில்லங்கம். இந்தத் தாறுமாறான துடிப்பில் இதயத்தின் மேலறை ஒழுங்காகச் சுருங்காமல் வெறுமனே நடுங்கும்போது, இடது மேலறையில் காதுமடல் போல ஒட்டியிருக்கும் சிறு பையில் ரத்தம் தேங்கி உறைகிறது. மின்அதிர்ச்சி தாளத்தை நொடியில் மீட்டுவிடும். ஆனால் மேலறைத் தசை மரத்துப்போன கை மாதிரி, பழைய பலம் திரும்பச் சில வாரங்கள்கூட ஆகலாம். அப்லேஷனில் மேலறையின் உட்சுவரே புண்ணாகிறது. புண்ணில் ரத்தம் உறையத்தானே செய்யும். உறைந்தது கழன்றால் கீழறை, மகாதமனி, கழுத்துத் தமனி, அப்படியே மூளை. அங்கே சிக்கினால் பக்கவாதம்.

அதனால்தான் மின்அதிர்ச்சிக்குப் பின் பொதுவாக 4 வாரமாவது, அப்லேஷனுக்குப் பின் 2 அல்லது 3 மாதமாவது வார்ஃபரின், அபிக்ஸபான் போன்ற மாத்திரை. அதற்குமேல் தொடர்வதை வயது, ரத்த அழுத்தம், சர்க்கரை, முன்பு வந்த பக்கவாதம் எல்லாம் பார்த்து மருத்துவர் முடிவு செய்வார். துடிப்பு சீராகிவிட்டதென்று நாமாக நிறுத்தக் கூடாது.

சரி, இந்த மாத்திரை ‘ரத்தத்தை நீர்க்கவைக்கும்’ என்கிறோமே, அதுவும் பிசகுதான். ரத்தம் நீர்ப்பதில்லை, உறைய நேரமெடுக்கிறது, அவ்வளவே. ‘உறைவெதிர்ப்பு மருந்து’ என்பதே பொருத்தம்.