புடம் போட்டால் ஈயம் எங்கே போகும்?

நான் ஆய்வு செய்வது உலோகச் சேர்மங்களை. நடுவில் ஓர் உலோக அயனி, சுற்றிலும் அதோடு ஒட்டிக்கொண்டிருக்கும் ஈனிகள் என்று பிளஸ் டூ வேதியியலில் படித்திருப்பீர்களே, அதேதான். இதைச் சொன்னதும் கல்யாண வீட்டில்கூட யாராவது ஒரு பொடி டப்பாவைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்துவிடுவார்கள். போன மாதமும் ஒன்று வந்தது, லேபிளே இல்லாமல். மூட்டுவலிக்காக ஒரு பெரியவர் மாதக்கணக்கில் சாப்பிட்ட பொடி. வயிற்றுவலி, மலச்சிக்கல், காரணம் தெரியாத ரத்தசோகை என்று அலைந்திருக்கிறார். கடைசியில் ஒரு மருத்துவர் சந்தேகப்பட்டு ரத்தத்தில் ஈயம் பார்க்கச் சொல்ல, குட்டு வெளிப்பட்டது. அதற்குப் பிறகும் அவர் மகன் என்னிடம் கேட்டது இதுதான்: "சார், புடம் போட்டு சுத்தி பண்ணினதுன்னு சொல்லித்தானே குடுத்தாங்க, அப்புறம் எப்படி ஈயம் இருக்கும்?"

இதற்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. எழுதியே வைத்துவிடுகிறேன்.

புடம் போடுவது என்றால் மருந்துப் பொருளைச் சட்டியில் வைத்து மூடி வறட்டி நெருப்பில் சுடுவது. ஆனால் நெருப்பு எந்தத் தனிமத்தையும் அழிக்காது. எத்தனை வறட்டி அடுக்கினாலும், எத்தனை புடம் போட்டாலும் ஈய அணு ஈய அணுவாகத்தான் இருக்கும். பழைய சங்கிலியை உருக்கி வளையல் செய்தால் தங்கம் காணாமல் போய்விடுகிறதா? பாதரசம் மாதிரி ஆவியாகக்கூடியது கொஞ்சம் புகையோடு போகலாம், அப்போது அடுப்படியில் நின்று அதைச் சுவாசிப்பவரின் கதி வேறு. ஈயம் அப்படிச் சுலபமாகக் கிளம்பிப் போகாது, அதன் கொதிநிலை 1700 டிகிரி செல்சியசுக்கும் மேல். புடத்தில் நடப்பது சேர்ம மாற்றம் மட்டுமே. உலோகமாக இருந்தது ஆக்சைடாகவோ சல்ஃபைடாகவோ ஆகிறது. பளபளப்பு போய்விடும், பொடி விரலிடுக்கில் மாவாக ஒட்டும், தண்ணீரில் போட்டால் மிதக்கும். இவையெல்லாம் பொடி எவ்வளவு நைசானது என்பதைக் காட்டும் சோதனைகள். உள்ளே என்ன இருக்கிறது என்பதைக் காட்டுபவை அல்ல. வயிற்றில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம், அது ஈய ஆக்சைடைக் கரைத்துவிடும். "நானோ துகள், அதனால் பாதுகாப்பு" என்று இப்போது புதிதாக ஒரு விளம்பரம் கிளம்பியிருக்கிறது. துகள் சிறியதானால் கரைவது வேகமாகும். இது முதலாண்டு மாணவருக்கே தெரியும்.

அப்படியானால் உலோகம் என்றாலே விஷமா? இல்லை, என் பிழைப்பே அதை மறுப்பதில்தான் ஓடுகிறது. எந்தச் சேர்மம், எவ்வளவு, யார் கண்காணிப்பில் என்பதுதான் விஷயம். பேரியம் சல்ஃபேட்டை எக்ஸ்ரே எடுப்பதற்கு முன் குடிக்கக் கொடுப்பார்கள், கரையாமல் அப்படியே வெளியேறிவிடும். பேரியம் கார்பனேட்டோ எலி விஷம், அமிலம் பட்டதும் கரைந்துவிடுகிறது. சிஸ்பிளாட்டின் பிளாட்டினம் சேர்மம். 1965-இல் அமெரிக்க விஞ்ஞானி பார்னெட் ரோசன்பர்க்கின் குழு பாக்டீரியாவில் மின்புலத்தின் விளைவைச் சோதிக்கப் போய், பிளாட்டினம் மின்முனையிலிருந்து வந்த சேர்மங்கள் செல் பிரிதலை நிறுத்துவதைக் கண்டது. 1978-இல் அமெரிக்காவில் புற்றுநோய் மருந்தாக அனுமதி கிடைத்தது. அதே அணுக்களில் ஒரே வகையானவற்றைப் பக்கத்துப் பக்கத்தில் வைக்காமல் எதிரெதிராக அமைத்த டிரான்ஸ் வடிவம் மருந்தாக உதவவில்லை. (இந்த ஒரு வித்தியாசத்தை வைத்தே பல ஆய்வுக்கூடங்கள் இன்றும் ஓடுகின்றன.) அவ்வளவு நல்ல மருந்தும் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பதால்தான் சலைன் ஏற்றி, ரத்தம் பார்த்து, மில்லிகிராம் கணக்கில் கொடுக்கிறார்கள். லேபிள் இல்லாத டப்பாவுக்கு அந்தக் கணக்கை யார் வைத்திருக்கிறார்கள்?

ரிப்போர்ட் வைத்திருக்கிறோம் என்பார்கள். வாங்கிப் பார்த்தால் எக்ஸ்.ஆர்.டி. படம்! அது படிக அமைப்பைக் காட்டும் கருவி. ஓரிரு சதவீதத்துக்குக் கீழே இருப்பது பெரும்பாலும் அதன் கண்ணில் படாது. மூலிகை மருந்துகளில் இந்தியாவில் ஈயத்துக்கு அனுமதித்த உச்ச வரம்பு 10 பி.பி.எம். (பத்து லட்சத்தில் பத்துப் பங்கு), ஒரு சதவீதம் என்பதோ 10,000 பி.பி.எம். கேட்க வேண்டியது, மிகச் சிறிய அளவில் இருக்கும் உலோகத்தையும் அளந்து சொல்லும் ஐ.சி.பி.-எம்.எஸ். சோதனையின் முடிவை, அதுவும் அந்தப் பேட்ச் எண்ணுக்கு உரியதை.

இன்னொன்று, பெயர். சித்த மருத்துவத்தில் நாகம் என்றால் துத்தநாகம். ஆயுர்வேதத்தில் நாகம் என்றால் ஈயம். ஆன்லைனில் 'நாக' என்று பார்த்ததும் வாங்கிவிடாதீர்கள், தயவுசெய்து.

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். லேபிளும் உரிம எண்ணும் இல்லாத பொடியை வாய்க்குள் போடாதீர்கள், கொடுத்தவர் எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும் சரி. பற்பம், செந்தூரம் (உலோகம், தாது போன்றவற்றைப் புடம் போட்டுச் செய்யும் சித்த மருந்துப் பொடிகள்) எடுத்தே ஆக வேண்டுமென்றால் பதிவுபெற்ற சித்த மருத்துவரிடம் மட்டும் போங்கள், எத்தனை நாளைக்கு என்று கேட்டு எழுதி வாங்குங்கள். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அந்தப் பக்கமே வேண்டாம். ஈயத்துக்கு இவ்வளவு வரை பாதுகாப்பானது என்ற அளவே கிடையாது, எலும்பில் போய்த் தங்கினால் பல ஆண்டுகள் இருக்கும். எந்த மருத்துவரிடம் போனாலும் சாப்பிடும் பொடியைப் பற்றிச் சொல்லுங்கள். திட்டுவார் என்று மறைக்கிறீர்கள், திட்டு வாங்கினால் உயிர் போகாது.

ஈயம் ஏறிவிட்டது என்று தெரிந்தால் 'டீடாக்ஸ்' கடைகளுக்கு ஓடாதீர்கள். ஈயத்தைப் பிடித்து வெளியேற்ற மருத்துவமனையில் கொடுக்கும் மருந்துகளில் ஒன்று கால்சியம் டைசோடியம் ஈ.டி.டி.ஏ. கால்சியம் இல்லாத டைசோடியம் ஈ.டி.டி.ஏ. ரத்தத்திலுள்ள கால்சியத்தையே பிடித்துக்கொள்ளும், இதயம் நின்றுபோகும். 2003-க்கும் 2005-க்கும் இடையே அமெரிக்காவில் இப்படி மூன்று பேர் இறந்தார்கள், அதில் இரண்டு பேர் குழந்தைகள்.

கடைசியாக, எல்லார் வீட்டிலும் இருக்கும் உலோகச் சேர்மம்: இரும்புச்சத்து மாத்திரை. கர்ப்பிணிக்கு அவசியமான மாத்திரைதான், நிறுத்திவிடாதீர்கள். ஆனால் மிட்டாய் மாதிரி நிறத்தில் இருப்பதால் சின்னக் குழந்தைகள் எடுத்து விழுங்கிவிடுகிறார்கள். பூட்டி வையுங்கள். விழுங்கிவிட்டால் மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். வாந்தி நின்று, சில மணி நேரத்தில் குழந்தை தெளிந்துவிட்டது போலத் தெரியும். அதை நம்பி வீட்டுக்குக் கூட்டிவந்துவிடாதீர்கள், அதற்கப்புறம்தான் கல்லீரல் பாதிக்கப்படும்.