கணக்கில் தெரிகிற பணம் யாருடையது?

போன வாரம் என்னிடம் ஒருவர் வந்தார். உட்கார்ந்ததும் கைப்பேசியை என் பக்கம் திருப்பி மேசைமேல் வைத்தார். அவர் பணம் போட்டிருந்த நிறுவனம் மூடி மூன்று மாதம் ஆகிறது. அதன் பாக்கிகளைத் தீர்க்க நீதிமன்றம் நிர்வாகியையும் நியமித்துவிட்டது. ஆனால் செயலி மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. பச்சை எழுத்தில் இருப்புத்தொகை, அதன் கீழே அன்றைக்கு ஏறிய வட்டி. "பாருங்க மேடம், என் பணம் இங்கதானே இருக்கு? எடுத்துக் கொடுக்கச் சொல்லுங்க, அது போதும்" என்றார்.

நான் திவால் வழக்குகளைப் பார்க்கிற வழக்கறிஞர். இந்தப் பேச்சை மாதம் தவறாமல் யாராவது ஒருவரிடம் கேட்கிறேன். ஒவ்வொரு முறையும் வயிறு எரிகிறது. அங்கே பணம் இல்லை. 'உங்களுக்கு நாங்கள் இவ்வளவு தர வேண்டும்' என்று எதிராளி எழுதிக் காட்டுகிற கணக்குதான் அது. எழுதியவரிடம் பணம் இல்லையென்றால் எண் எவ்வளவு பச்சையாக இருந்தும் பயனில்லை.

இது நேற்று வந்த சட்டமும் இல்லை. இங்கிலாந்தில் 1848-லேயே ஃபோலி எதிர் ஹில் என்ற வழக்கில் தீர்ப்பாகிவிட்டது. வங்கியில் போட்ட நிமிடத்திலிருந்து அந்தப் பணம் வங்கியுடையது. அதை என்ன செய்வது என்பது வங்கியின் விருப்பம். கேட்கும்போது அதே அளவு தொகையைத் திருப்பித் தரும் கடமை மட்டும் அதற்கு உண்டு. அதாவது வங்கி உங்களிடம் கடன் வாங்கியிருக்கிறது. தமிழில் கடன்காரன் என்றால் வாங்கியவனும் உண்டு, கொடுத்தவனும் உண்டு. வங்கிக் கணக்கு வைத்திருக்கிற ஒவ்வொருவரும் இரண்டாவது வகைக் கடன்காரர்தான்.

லாக்கரில் வைத்த நகை அப்படியில்லை. அது உங்கள் பொருள், அவர்கள் காவல் மட்டும் காக்கிறார்கள். வங்கி மூழ்கினாலும் நகை உங்களுடையதுதான். கணக்கில் போட்டதற்கு அந்த நிலை கிடையாது. திவாலில் ஒரு வரிசை உண்டு: முதலில் சொத்தை ஈடாகப் பெற்றுக்கொண்டு கடன் கொடுத்தவர்கள், அப்புறம் வழக்குச் செலவு, சம்பள பாக்கி இப்படி. நாட்டுக்கு நாடு வரிசை சற்று மாறும். ஈடு எதுவும் வாங்காமல் கொடுத்தவர் பெரும்பாலும் கடைசிக்குப் பக்கத்தில்தான் நிற்பார்.

2013-ல் சைப்ரஸில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். 1 லட்சம் யூரோ வரைக்கும் காப்பீடு இருந்ததால் அந்தப் பகுதி தப்பியது. அதற்கு மேல் இருந்ததில் 47.5 சதவீதத்தை அங்கிருந்த மிகப்பெரிய வங்கி எடுத்துக்கொண்டு, பதிலுக்குத் தன் பங்குகளைக் கொடுத்தது. இதைத் திருட்டு என்று சொல்ல முடியாது. கடன் வாங்கியவர் முழுதாகத் திருப்பித் தர முடியாத நிலையில் சட்டம் செய்கிற காரியம் அது. செல்சியஸ் என்ற கிரிப்டோ நிறுவனத்தின் வழக்கு இன்னும் நேரடியானது. வட்டிக் கணக்கில் இருந்த ஏறத்தாழ 420 கோடி டாலர் மதிப்புள்ள நாணயங்கள் நிறுவனத்துக்கே சொந்தம் என்று 2023 ஜனவரியில் அமெரிக்க நீதிமன்றம் சொன்னது. காரணம், உரிமை கைமாறுகிறது என்று விதிமுறைகளிலேயே எழுதியிருந்தது. 'ஏற்கிறேன்' என்ற பொத்தானை அழுத்தியவர்கள் லட்சக்கணக்கானோர்.

சரி, இதைச் சொன்னதும் எல்லோரும் கேட்கிற அடுத்த கேள்வி: "பணத்துக்குப் பின்னால் தங்கம் இருக்குமே?" இல்லை. தயவுசெய்து இந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். வெளிநாட்டு அரசுகள் டாலரைக் கொடுத்துத் தங்கம் வாங்கிக்கொள்ளும் வசதியை அமெரிக்கா 1971 ஆகஸ்ட் 15-ல் நிறுத்தியது. சாதாரண அமெரிக்கருக்கு அது 1933-லேயே போய்விட்டது. மத்திய வங்கிகளிடம் இன்றும் தங்கம் இருக்கிறது. ஆனால் நோட்டை நீட்டி அதைக் கேட்க எந்தச் சட்டமும் உங்களுக்கு உரிமை தரவில்லை. அப்படியானால் மதிப்பு எங்கிருந்து வருகிறது? அடுத்தவர் அதை வாங்கிக்கொள்வார், அரசு வரிக்கு அதையே கேட்கும், கண்டபடி அச்சடிக்கமாட்டார்கள் என்ற மூன்றிலிருந்தும்தான். மூன்றாவது போனால் என்னவாகும் என்பதை ஜெர்மனி 1923 நவம்பரில் பார்த்தது. 1 டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க். அதை அடக்க வந்த ரென்டன்மார்க் என்ற புது நோட்டு நிலத்தை ஈடாகக் காட்டியது. ஆனால் நோட்டை நீட்டி அந்த ஈட்டு நிலத்தில் ஒரு அடிகூடக் கேட்டு வாங்க முடியாது. அளவோடு வெளியிட்டார்கள், அதனால் நின்றது.

இதற்கு நேர் எதிரான கதை வட ஈராக்கில் நடந்தது. 1993-ல் பாக்தாத் அரசு பழைய 25 தினார் நோட்டைச் செல்லாது என்றது. குர்துப் பகுதியில் மக்கள் அதையே வைத்துப் புழங்கினார்கள். பின்னால் அரசும் இல்லை, தங்கமும் இல்லை. புதிதாக யாரும் அச்சடிக்க முடியாது என்பதால் அது பாக்தாத்தின் புது நோட்டைவிட நன்றாக மதிப்பைக் காத்தது.

மதிப்பு ஒரு கேள்வி, உங்களுக்குத் தர வேண்டியவர் யார் என்பது வேறு கேள்வி. என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டாவதில்தான் விழுந்திருக்கிறார்கள். அவர்கள் போட்ட பணத்தின் மதிப்பு அப்படியே இருக்கிறது; வாங்கியவர்தான் இல்லை.

பணம் போடும் முன் ஒன்று கேளுங்கள்: இது காப்பீடு உள்ள வங்கி வைப்பா, காப்பீடு இல்லாத வெறும் கடனா, என் பொருளுக்குக் காவலா? கேட்டதற்குத் தெளிவாக ஒரு வரியில் பதில் வராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள். வைப்பு என்றால் காப்பீட்டு உச்சவரம்பைப் பாருங்கள். இந்தியாவில் 5 லட்சம் ரூபாய், அமெரிக்காவில் 2,50,000 டாலர், ஒரு வங்கிக்கு ஒருவருக்கு என்ற கணக்கில். 'வங்கி மாதிரிதான்' என்று சொல்கிற செயலி வங்கி இல்லை. காவல் என்றால் உங்கள் பெயரில் தனியாகப் பிரித்து வைத்திருக்கிறார்களா என்று எழுத்தில் வாங்குங்கள். விதிமுறையில் 'உரிமை', 'ஈடு', 'பயன்படுத்திக்கொள்ளலாம்' என்ற சொற்கள் எங்கே வருகின்றன என்று தேடிப் படியுங்கள். பத்து நிமிடம்கூட ஆகாது.

ஏற்கனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு ஒரு வேண்டுகோள். செயலியைப் பார்த்துக்கொண்டே உட்காராதீர்கள். நிர்வாகி அறிவித்த கடைசித் தேதிக்குள், 'எனக்கு இவ்வளவு வர வேண்டும்' என்று கோரிக்கை மனு போட வேண்டும். இருப்பு தெரிகிற பக்கத்தைப் படம் எடுங்கள், பணம் அனுப்பிய வங்கி அறிக்கைகளை எடுத்து வையுங்கள். செயலி எந்த நாளும் நிற்கலாம். அன்று வந்தவருக்குத் தேதி முடிய நான்கு நாள்தான் இருந்தது. அவர் கைப்பேசியிலிருந்தே ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து, அன்று மாலைக்குள் மனுவை எழுதி அனுப்பினோம்.