ட்ரிகர் வார்னிங்: தமிழில் என்ன சொல்லலாம்?

படிப்பவரை நிலைகுலைய வைக்கக்கூடிய ஒன்று அடுத்து வருகிறது என்று முன்கூட்டியே சொல்லும் ஒரு வரிதான் ட்ரிகர் வார்னிங். தற்கொலை, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வது, பாலியல் வன்முறை பற்றிய பதிவுகளின் தலையில் இதைப் பார்க்கலாம். 'டி.டபிள்யூ' என்று சுருக்கியும் போடுவார்கள்.

ட்ரிகர் என்பது துப்பாக்கியின் விசை. டச்சு மொழியில் 'ட்ரெக்கன்' என்றால் இழுப்பது. அதிலிருந்து வந்த 'ட்ரெக்கர்' 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் நுழைந்து, திரிந்து 'ட்ரிகர்' ஆனது. (மலையேறுபவர்களின் ட்ரெக்கிங்குக்கும் வேர் இதுதான்.) ஒரு சத்தமோ வாசனையோ பழைய அதிர்ச்சியை அப்படியே கிளப்பிவிடுவதைச் சொல்ல மனநல மருத்துவம் இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டது. வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்களின் அவதியைத் தொடர்ந்து, 1980இல் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனநலக் கோளாறு அமெரிக்க நோய்ப் பட்டியலில் தனி இடம் பெற்றது. பிறகு இணையத்தில் பெண்ணியக் குழுக்கள் பதிவுகளுக்கு மேலே எச்சரிக்கை போடத் தொடங்க, அங்கிருந்து பரவியது.

தமிழில் பலரும் 'தூண்டல் எச்சரிக்கை' என்று எழுதுகிறார்கள். சொல்லுக்குச் சொல் சரிதான், ஆனால் இந்த இடத்தில் இடறுகிறது. விளக்குத் திரியைத் தூண்டுவது, தூண்டில், தூண்டுகோல் என்று நம் வழக்கில் தூண்டுவது ஒருவர் வேண்டுமென்றே செய்கிற வேலை. போதாக்குறைக்கு 'தற்கொலைக்குத் தூண்டியதாக வழக்கு' என்று செய்திகளில் வாசித்துப் பழகியிருக்கிறோம். அது முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 306ஆம் பிரிவு; இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 108. ஆகவே 'தற்கொலை: தூண்டல் எச்சரிக்கை' என்று போட்டால், எழுதியவரே குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோல் ஆகிவிடுகிறது. எங்கள் தேர்வு 'முன்குறிப்பு'. மிரட்டாது, சின்னது, செய்யும் வேலையையும் சரியாகச் சொல்கிறது.

அந்த வேலை என்ன என்பதில்தான் குழப்பம். முன்குறிப்பு மருந்து அல்ல. 12 ஆய்வுகளைத் தொகுத்து 2023இல் வெளியான ஒரு பகுப்பாய்வின்படி, எச்சரிக்கை போட்டதால் படிக்கும்போது வரும் துயரம் குறையவில்லை. படிப்பதற்கு முந்தைய பதற்றம் மட்டும் சற்றுக் கூடியது. யாரும் பெரிதாக விலகிப் போகவும் இல்லை. இப்போது வேண்டுமா, பிறகு பார்த்துக்கொள்ளலாமா என்று முடிவெடுக்க ஒரு நொடி தருகிறது, அவ்வளவே. எனவே மேலே முன்குறிப்பைப் போட்டுவிட்டு, கீழே இறந்தவர் கையாண்ட வழிமுறை, இடம், கடைசிக் கடிதம் என்று எல்லாவற்றையும் கொட்டுவதை ஏற்க முடியாது. வியன்னாவில் 1987இன் நடுவில் இதற்கான செய்தி நெறிமுறைகள் வந்து, பத்திரிகைகள் சுரங்க ரயில் தற்கொலைகளைப் பரபரப்பாக எழுதுவதை நிறுத்தின. அந்த ஆண்டின் முதல் பாதியோடு ஒப்பிட்டால் பிற்பாதியில் சுரங்க ரயிலில் நடந்த தற்கொலைகளும் முயற்சிகளும் 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்தன. எச்சரிக்கைப் பலகை வைத்து வந்த பலன் இல்லை இது. விவரத்தை எடுத்ததால் வந்தது.

நல்ல முன்குறிப்பு இப்படி இருக்கும்: 'முன்குறிப்பு: நான்காம் பத்தியில் தற்கொலை எண்ணம் பற்றிப் பேசுகிறோம். வழிமுறை விவரம் இல்லை. உதவிக்கு டெலி மானஸ் 14416.' (டெலி மானஸ் இந்திய அரசின் மனநல உதவி எண்.) எது, எங்கே, எவ்வளவு என்பது மூன்றே வாக்கியத்தில் வந்துவிட்டது. வெறும் 'டி.டபிள்யூ' என்று விட்டால் எதைப் பற்றி என்றே தெரியாது. பூனைப் படத்துக்கும் போட்டால் யாரும் மதிக்க மாட்டார்கள். வாட்ஸ்அப்பில் குறிப்பை அடுத்தே விஷயத்தையும் எழுதினால், அறிவிப்புத் திரையிலேயே இரண்டையும் கண் படித்துவிடும். குறிப்பைத் தனிச் செய்தியாக முதலில் அனுப்புங்கள். டெலிகிராமிலும் டிஸ்கார்டிலும் ஸ்பாய்லர் வசதியில் வாசகத்தை மூடி வைக்கலாம். காயங்களின் படத்தை மங்கலாக்கிக்கூடப் போட வேண்டாம்.

'த*கொலை' என்று நட்சத்திரம் போடுவது இன்னொரு வழக்கம். தளம் பதிவை அமுக்கிவிடும் என்ற பயம். ஆனால் அந்தச் சொல் கண்ணில் படவே வேண்டாம் என்று அதை மியூட் செய்து வைத்தவருக்கு, நட்சத்திரம் போட்ட சொல் வடிகட்டியில் சிக்காமல் நேராக வந்து நிற்கும். உதவி தேடுபவரின் தேடலிலும் பதிவு அகப்படாது. திரைவாசிப்பான் மென்பொருளில் கேட்பவருக்குச் சொல் உடைந்துதான் கேட்கும். முழுச் சொல்லையே எழுதுங்கள்.

ஒருவர் தன் நிலைமையையே எழுதியிருந்தால், 'வாழப் பிடிக்கல, இதோட முடிச்சுக்கலாம்னு இருக்கு' என்பதுபோல, அதன் கீழே போய் 'முன்குறிப்பு போடலையே' என்று கேட்பது மகா தவறு. குழுவை நடத்துபவர் குறிப்பைத் தாமே சேர்த்துவிட்டு, அவருக்குத் தனியாக எழுத வேண்டும்: 'சாகணும்னு தோணுதா? இப்ப உங்ககூட யாராவது இருக்காங்களா?' நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. பதில் வரும்வரை பதிவை அழிக்க வேண்டாம். வழிமுறை எழுதியிருந்தால் அந்த வரியை மட்டும் மறைத்தால் போதும். இரண்டாவது ஆள் ஒருவரையும் கூடச் சேர்த்துக்கொள்ளுங்கள். உடனடி ஆபத்து என்றால் இந்தியாவில் 112. இலங்கையில் மனநல உதவிக்கு 1926.