மஞ்சள் பையில் மூன்று ரிப்போர்ட்

அந்த அம்மா மஞ்சள் பையிலிருந்து மூன்று ஃபைல்களை எடுத்து என் மேசையில் வரிசையாக வைத்தார். "மூணு இடத்துல காட்டியாச்சு மேடம். மூணு பேரும் மூணு மாதிரி சொல்றாங்க." பையனுக்கு நாலரை வயது. முதல் ரிப்போர்ட்டில் ஏடிஎச்டி, அதாவது கவனக்குறைவும் ஓயாத துறுதுறுப்பும். இரண்டாவதில் லேசான ஆட்டிசம். மூன்றாவது ஒரே பக்கம்: வளர்ச்சி சரியாக இருக்கிறது, செல்போனைக் குறையுங்கள். மூன்றுக்கும் கட்டிய பணத்தைக் கூட்டினால் கணவரின் ஒரு மாதச் சம்பளம் போயிருக்கிறது என்றார்.

(யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

நான் திருச்சியில் குழந்தைகளைப் பார்க்கும் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். பள்ளிக்கூடம் திறந்து ஒரு மாதம் ஆனால் எனக்கு போன் அதிகமாக வரும். "சீட்டுல உக்கார மாட்டேங்கிறான், எங்கயாவது ஒரு தடவ காட்டிருங்க" என்று எல்கேஜி டீச்சர் சொல்லியிருப்பார். வீட்டில் பயம் பிடித்துக்கொள்ளும். அந்தப் பயத்தோடு கூகுளில் முதலில் வரும் சென்டருக்கு ஓடுவார்கள். ஓடுவதைக் குறை சொல்ல மாட்டேன். என் வருத்தம் அங்கே நடப்பதைப் பற்றியது.

மூன்று ரிப்போர்ட்டையும் வாசித்தேன். ஏடிஎச்டி என்று எழுதியவர் அரை மணி நேரம் அம்மாவிடம் பேசியிருக்கிறார். பள்ளியில் எப்படி இருக்கிறான் என்று யாரிடமும் விசாரிக்கவில்லை. மனநலக் கோளாறுகளை வகைப்படுத்தும் கையேடான டிஎஸ்எம்-5 விதிப்படி, கவனக்குறைவோ ஓயாத ஓட்டமோ குறைந்தது இரண்டு இடங்களில், ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும். வீட்டில் மட்டும் ஆட்டம், பள்ளியில் சமர்த்து என்றால் வேறு கதை. வகுப்பிலேயே வயதில் சின்னப் பிள்ளையாக இருந்தாலும் கூடுதலாகத் துறுதுறுவென்று தெரியும்.

இரண்டாவது இடத்தில் பயன்படுத்தியது எம்-சாட், ஆட்டிசச் சந்தேகம் உண்டா என்று பெற்றோரிடம் கேட்கும் கேள்வித்தாள். திருத்திய வடிவில் 20 கேள்விகள். நல்ல கருவிதான். ஆனால் 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கானது. நாலரை வயதுப் பையனுக்கு அதை வைத்தால் வரும் எண்ணுக்கு அர்த்தமே இல்லை. அதோடு, அது சல்லடை மட்டும்தான். சந்தேகத்தைப் பிரித்தெடுக்கும், நோயை முடிவு செய்யாது. அன்றே ஒரு வருடத் தெரபி பேக்கேஜுக்கு ரசீதும் நீட்டியிருக்கிறார்கள். கட்டாமல் வந்துவிட்டார், நல்லவேளை.

"அங்கெல்லாம் எத்தனை மணிக்குப் போனீங்கம்மா?" என்று கேட்டேன். நாலரைக்கு எழுப்பி, முதல் பஸ் பிடித்து, டோக்கன் போட்டுக் காத்திருந்து, பதினொன்றரைக்கு உள்ளே போயிருக்கிறார்கள். அந்த நேரத்தில் நானே ஒரு இடத்தில் உட்கார மாட்டேன்.

முதல் நாள் நான் டெஸ்ட் எதுவும் வைக்கவில்லை. ஒரு பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்காமல் கொடுத்தேன். பல்லால் கடித்துப் பார்த்தான், முடியவில்லை. என் கையில் கொடுத்துவிட்டு நேராக என் முகத்தைப் பார்த்தான். பிரித்ததும் ஒன்றை எடுத்து அம்மாவிடம் காட்டிச் சிரித்தான். அடுத்தவர் கண்ணைப் பார்த்து உதவி கேட்பது, கிடைத்ததைக் காட்டிச் சந்தோஷப்படுவது இரண்டும் ஆட்டிசத்தில் பெரும்பாலும் தடுமாறும் இடங்கள். இவனிடம் இரண்டும் அழகாக இருந்தன. அதை வைத்து மட்டும் ஆட்டிசம் இல்லை என்று முடித்துவிட முடியாது. ஆனால் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று தெரிந்தது.

அடுத்த வாரம், தூங்கி எழுந்து சாப்பிட்ட பிறகு வரச் சொல்லி, மரப்பலகையை எடுத்தேன். செகுவின் ஃபார்ம் போர்டு: பத்து வடிவக் கட்டைகளை அதனதன் குழியில் வைக்க வேண்டும், மூன்று முறை, கடிகாரத்தோடு. நட்சத்திரத்தை வைத்தான், ஜன்னலுக்கு ஓடினான், தானே திரும்பி வந்து மீதியை முடித்தான். மூன்றாவது முறை முதல் முறையைவிட வேகம். கற்றுக்கொள்கிற பிள்ளை.

அவன் பலகையில் குனிந்திருக்கும்போது பின்னாலிருந்து மெதுவாக, "தம்பி, இன்னொரு பிஸ்கட் வேணுமா?" என்றேன். அசையவில்லை. முன்னால் வந்து அதே குரலில் கேட்டேன். கையை நீட்டினான்.

"காது கேக்குது மேடம், தெருவுல நாய் கொரைச்சா ஓடுவானே" என்றார் அம்மா. குரைப்பு கேட்பதும் பேச்சுத் தெளிவாகக் கேட்பதும் ஒன்றல்ல. ராத்திரி குறட்டை விடுவானா, வாயால் மூச்சு விடுவானா என்று கேட்டேன். இரண்டுக்கும் ஆமாம். மூன்று ஃபைலிலும் காது பரிசோதனை பற்றி ஒரு வரிகூட இல்லை. காது மூக்கு தொண்டை டாக்டரிடம் அனுப்பினேன். மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதை வளர்ந்து, இரண்டு காதின் செவிப்பறைக்குப் பின்னாலும் நீர் கோத்திருந்தது. பேச்சு அவனுக்கு மங்கலாகத்தான் கேட்டிருக்கிறது.

மற்றவர்களைச் சொல்லிவிட்டு என்னைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. தொழிலுக்கு வந்த புதிதில் நானும் ஒரு பெண் குழந்தைக்குக் கவனக்குறைவு என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். எட்டு மாதம் கழித்து அவளுக்குக் காது சரியாகக் கேட்கவில்லை என்று வேறொருவர் கண்டுபிடித்தார். அன்றிலிருந்து காது ரிப்போர்ட் பார்க்காமல் பேச்சு, கவனம் பற்றி எதையும் எழுதுவதில்லை. தூக்கம், ரத்தசோகை, சில நொடி வெறித்துப் பார்த்து நின்றுவிடும் வகை வலிப்பு, இவற்றையும் குழந்தை மருத்துவர் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

தனியாரிடம் போவதாக இருந்தால், அப்பாயின்மென்ட் வாங்கும் போனிலேயே கேட்கலாம். பிள்ளையோடு உட்காரப்போவது யார், அவருடைய ஆர்சிஐ பதிவு எண் என்ன? ஆர்சிஐ என்பது இந்திய மறுவாழ்வு கவுன்சில்; அதன் தளத்தில் பெயரைப் போட்டுச் சரிபார்க்கலாம். எத்தனை முறை வரவேண்டும், பள்ளியிடம் பேசுவார்களா, முடிவை உட்கார்ந்து விளக்குவார்களா, ரிப்போர்ட்டுக்குத் தனிக் கட்டணமா? இதைக் கேட்டதும் எரிச்சலோடு பதில் வந்தால் நான் அங்கே போக மாட்டேன். போகும்போது வீட்டில், கல்யாண வீட்டில், விளையாடும்போது எடுத்த இரண்டு நிமிட வீடியோக்களைக் கொண்டுபோங்கள். என் அறையில் ஒரு மணி நேரத்தில் தெரியாதது அதில் தெரியும்.

காசு இல்லையென்றால் வழியில்லை என்று நினைக்க வேண்டாம். அரசு மருத்துவமனைகளில் டிஇஐசி என்ற மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் இருக்கின்றன, செலவில்லை. சென்னை பக்கம் என்றால் முட்டுக்காட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசு நிறுவனமான நிப்மெட். கூட்டம் இருக்கும், காத்திருக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். இன்னொன்று: தனியார் ரிப்போர்ட் எத்தனை தடிமனாக இருந்தாலும் மாற்றுத்திறனாளி சான்றிதழ் ஆகாது. மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டையான யுடிஐடிக்கு அரசு மருத்துவர்கள்தான் சான்று தர வேண்டும். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் உண்டு. ஏடிஎச்டி தனியாக இல்லை. அதைச் சொல்லாமல் "சர்டிபிகேட் வாங்கித் தர்றோம்" என்பவர்களிடம் உஷார்.

பாட்டிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. "இவங்கப்பனே அஞ்சு வயசுலதான் பேசினான்" என்று வசம்பு தேய்க்கிற பாட்டியை எனக்குப் பிடிக்கும். வசம்பால் வந்த நஷ்டத்தைவிட அந்தப் பேச்சை நம்பிப் போன இரண்டு வருடம் பெரிய நஷ்டம். இரண்டு வயதில் இரண்டு வார்த்தை சேர்த்துச் சொல்லவில்லை, ஒன்றரை வயதில் விரல் நீட்டிக் காட்டவில்லை, முன்பு சொன்ன வார்த்தை நின்றுவிட்டது என்றால் காட்டிவிடுங்கள். என்ன பிரச்சினை என்று பெயர் வைக்கும் வரை காத்திருக்காமல் பேச்சுப் பயிற்சியை ஆரம்பிக்கலாம். நான்கைந்து வயதில் ஏடிஎச்டி சந்தேகம் என்றாலும் முதலில் தருவது மாத்திரை அல்ல, பெற்றோருக்கான பயிற்சி.

அந்தப் பையனுக்குச் சிகிச்சை முடிந்து மூன்று மாதம் கழித்து வந்தார்கள். வாக்கியமாகப் பேசுகிறான். ஆட்டம் குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. ஏடிஎச்டி உண்டா இல்லையா என்பதை ஒன்றாம் வகுப்பில், டீச்சரிடமும் கேட்டுவிட்டுப் பார்க்கலாம் என்று எழுதினேன்.

"பழசையெல்லாம் கிழிச்சுப் போட்டுறவா மேடம்?" என்றார்.

"வேண்டாம்மா. எந்தத் தேதியில என்ன செஞ்சான்னு அதுல இருக்கு."

என்னுடையதையும் சேர்த்து நான்கையும் பையில் வைத்தார். பையன் காலி பிஸ்கட் கவரை என்னிடம் நீட்டி, "ஆன்ட்டி, தீந்துருச்சு" என்றான்.