ஒரே நாளில் பதினோரு பாயிண்ட்

திருநெல்வேலியிலிருந்து ஒருவர் மே மாத லீவில் குடும்பத்தோடு சென்னை வருவதாகச் சொல்லி வாட்ஸப்பில் ஒரு பட்டியல் அனுப்பியிருந்தார். கோட்டை, ஹைகோர்ட், எழும்பூர் மியூசியம், வள்ளுவர் கோட்டம், கபாலி கோயில், சாந்தோம், அஷ்டலட்சுமி கோயில், மெரினா, பாம்புப் பண்ணை, தி.நகர், வண்டலூர். கீழே ஒரு வரி: "ஒரு நாள்தான் இருக்கு சார், எல்லாத்தையும் பாத்துரணும்."

கைடு வேலைக்கு வந்து பதினெட்டு வருஷமாகிறது. இந்தப் பட்டியல் எனக்கு மாதம் இரண்டு முறையாவது வந்துவிடும். எங்கள் தொழிலில் ஒவ்வோர் இடத்தையும் 'பாயிண்ட்' என்போம். பதினோரு பாயிண்டைக் கவர் பண்ணித் தருகிறேன் என்று வண்டி எடுக்க நிறையப் பேர் இருக்கிறார்கள். கோட்டையிலிருந்து வண்டலூருக்கு மட்டுமே 30 கிலோமீட்டருக்கு மேல். நடுவில் அண்ணா சாலை, கிண்டி, தாம்பரம். அன்று அந்தக் குடும்பம் உண்மையில் பார்ப்பது முன்னால் போகும் மாநகரப் பேருந்தின் பின்பக்கத்தை. பாதி பாயிண்டில் டிரைவர் கண்ணாடியை இறக்கி, "இதுதான், இங்கருந்தே பாத்துக்கோங்க" என்று சொல்லிவிடுவார்.

இன்னொன்றும் நடக்கும். சாப்பாட்டுக்குப் பிறகு, பட்டியலில் இல்லாத ஒரு கைவினைப் பொருள் கடை வாசலில் வண்டி நிற்கும். "பத்து நிமிஷம்தான், உள்ள டாய்லெட் நல்லா இருக்கும்" என்பார்கள். காலையிலிருந்து அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண்கள் வேறென்ன செய்வார்கள், இறங்கத்தான் செய்வார்கள். உள்ளே போனால் பட்டுப் புடவை, சந்தன மர யானை. நீங்கள் வாங்கும் பொருளில் டிரைவருக்கும் கைடுக்கும் ஒரு பங்கு உண்டு. ஆரம்ப காலத்தில் நானும் வாங்கியிருக்கிறேன், மறைப்பதற்கு ஒன்றுமில்லை. வண்டி பேசும்போதே "கடை எதுவும் வேண்டாம், பாத்ரூம் வசதிக்கு எங்கே நிறுத்துவீர்கள்?" என்று கேட்டுவிடுங்கள். எதிர்முனையில் பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்பதைக் கவனித்தாலே ஆளைத் தெரிந்துகொள்ளலாம்.

சரி, அந்தப் பதினோரு பாயிண்டுக்கு வருவோம். நான் அதை நான்காகக் குறைத்து அனுப்பினேன். அண்ணாச்சிக்கு முகம் வாடியிருக்கும். 'ம்' என்று மட்டும் பதில் வந்தது.

பெரிய நகரம் என்பது எல்லாத் தெருவிலும் ஆட்கள் ஏதோ ஒரு வேலையாய் இருக்கும் இடம். அந்த வேலை நடக்கிற நேரத்தில் போக வேண்டும், நடந்து போக வேண்டும். மயிலாப்பூருக்குக் காலை ஆறு மணிக்கு வந்தால் மாட வீதிகளில் வாசல் தெளித்துக் கோலம் போட்டுக்கொண்டிருப்பார்கள், பூக்காரம்மா சரம் தொடுத்துக்கொண்டிருப்பார், காபிக் கடையில் டிகாஷன் வாசனை வரும். நவராத்திரிக்கு முன்பென்றால் வடக்கு மாட வீதி முழுக்கக் கொலு பொம்மை. அங்கிருந்து கச்சேரி சாலையில் இருபது நிமிஷம் நடந்தால், 1896ல் இப்போதைய வடிவத்தில் கட்டி முடித்த சாந்தோம் தேவாலயம். அதே மயிலாப்பூருக்கு மதியம் ஒரு மணிக்கு வந்து பாருங்கள். கோயில் நடை சாத்தியிருக்கும், தரை கொதிக்கும், பிள்ளைகள் அழும். ஊருக்குப் போய் "சென்னையில என்ன இருக்கு, வெயில்தான்" என்பீர்கள்.

மதிய வெயிலுக்கு மியூசியம்தான் சரியான இடம். ஆனால் எழும்பூர் மியூசியம், கோட்டை மியூசியம் இரண்டுக்கும் வெள்ளிக்கிழமை விடுமுறை. பாம்புப் பண்ணைக்கும் வண்டலூருக்கும் செவ்வாய். பதினெட்டு வருஷ அனுபவம் என்று மேலே பெருமையாகச் சொன்னேனே, அந்த நான்தான் கோயம்புத்தூர்த் தம்பதி ஒன்றை வெள்ளிக்கிழமை எழும்பூருக்குக் கூட்டிப்போனேன். கணவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். அங்கே இருக்கும் திருவாலங்காட்டு நடராஜர் சிலையைப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே வந்தவர். பூட்டிய கேட்டைப் பார்த்தார். திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "போலாங்க" என்றார். திட்டியிருந்தால் தேவலை. அன்றிலிருந்து எந்த இடமானாலும் முந்தின நாள் போன் போட்டுக் கேட்டுவிடுகிறேன்.

திருநெல்வேலிக் குடும்பத்துக்கு அப்படி எதுவும் ஆகவில்லை. மயிலாப்பூர், சாந்தோம், மியூசியம் முடித்து, வெயில் தாழ்ந்து நாலரை மணிக்குக் காமராஜர் சாலையில் அந்த வட்டமான பழைய கட்டடத்தின் முன்னால் நின்றோம். இன்று விவேகானந்தர் இல்லம். 1897ல் அவர் மேலைநாடுகளிலிருந்து திரும்பி வந்தபோது இங்கே 9 நாள் தங்கினார். ஆனால் பேட்டைக்குப் பெயர் இன்னும் ஐஸ் ஹவுஸ்தான். அமெரிக்காவில் குளிர்காலத்தில் ஏரி உறைந்ததும் பனிக்கட்டியை அறுத்து, கப்பலில் ஏற்றி, சென்னைக்குக் கொண்டுவந்து விற்றார்கள். அதைச் சேர்த்து வைக்க 1842ல் கட்டிய கிடங்கு இது.

ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் அந்த வீட்டுப் பெண் காலையிலிருந்து போனைத்தான் பார்த்துக்கொண்டு வந்தாள். நிமிர்ந்து, "கரைஞ்சு போகாதா?" என்றாள்.

"மரத்தூளைப் போட்டு மூடி வச்சா அவ்வளவு சீக்கிரம் கரையாதும்மா. வழியில கரைஞ்சது போக மிச்சம் வந்து சேர்ந்தது."

"அப்புறம் ஏன் நிறுத்திட்டாங்க?"

"இங்கேயே மெஷின்ல ஐஸ் பண்ண ஆரம்பிச்சுட்டாங்க."

அவள் போனைப் பையில் போட்டுவிட்டுக் கட்டடத்தைச் சுற்றி நடந்தாள்.

எதிரே மெரினா. முழங்கால் வலிக்காரர்களுக்கு அந்த மணலைத் தாண்டுவதே பெரும்பாடு. சக்கர நாற்காலியிலும் அலைக்கருகே போகும்படி 2022ல் மரப்பாதை போட்டிருக்கிறார்கள். அவர்களோடு வந்திருந்த ஆச்சி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் போய்ச் சேர்ந்தார். கால் நனைத்தால் போதும், அதற்கு மேல் வேண்டாம். இங்கே குளிக்கத் தடை இருக்கிறது. கரையோரத்திலேயே அலை ஆளை இழுக்கும். நீச்சல் தெரிந்தவர்களும் உயிரை விட்டிருக்கிறார்கள். பையன்கள் பந்தை எடுக்க இறங்கும்போதே கூப்பிட்டுவிடுங்கள், போலீஸ் விசிலுக்குக் காத்திருக்க வேண்டாம்.

இரவு ரயிலேற்றிவிடும்போது அண்ணாச்சி கை கொடுத்து, "நல்லா இருந்துச்சு சார்" என்றார். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஆச்சி எட்டிப் பார்த்துக் கேட்டார்: "அப்போ வண்டலூரு எப்பம் கூட்டிட்டுப் போவீய?"