கொக்கெயினை நிறுத்திய பின் வளரும் ஏக்கம்

கொக்கெயின் மூளையில் செய்யும் முதல் வேலை எளிதில் விளங்கக்கூடியது. நரம்பணு வெளியிட்ட டோபமின் என்னும் வேதிச் செய்தியை மீண்டும் உள்ளே இழுத்துக்கொள்ள ஒரு கடத்திப் புரதம் உண்டு. கொக்கெயின் அதை அடைத்துவிடுகிறது. அதனால் நடுமூளையிலிருந்து நியூக்ளியஸ் அக்கும்பென்ஸ் என்னும் சிறு பகுதிக்கு வந்துசேரும் டோபமின் அங்கேயே தேங்குகிறது. அந்தத் தேக்கம்தான் பரவசம். அது நெடுநேரம் நீடிப்பதில்லை. போதை பற்றிய பொதுப்பேச்சு பெரும்பாலும் இத்துடன் முடிந்துவிடுகிறது. ஆனால் பல மாதங்களாகக் கொக்கெயினைத் தொடாதவர், உடலில் அதன் சுவடே இல்லாத நிலையில் மீண்டும் அதைத் தேடிப் போவது ஏன் என்பதற்கு இதில் விடை இல்லை.

2001-இல் நேச்சர் இதழில் வெளியான ஓர் எலி ஆய்வு இந்தக் கேள்வியின் போக்கையே மாற்றியது. நெம்புகோலை அழுத்தினால் எலியின் ரத்தக்குழாயில் கொக்கெயின் ஏறும். கூடவே ஒரு விளக்கு எரியும், ஓர் ஒலி கேட்கும். நாளொன்றுக்கு 6 மணி நேரமாக 10 நாள் பழக்கிய பின் கொக்கெயின் நிறுத்தப்பட்டது. பிறகு வெவ்வேறு இடைவெளிகளில், கொக்கெயின் இல்லாமல் விளக்கையும் ஒலியையும் மட்டும் தந்து பார்த்தார்கள். நாளாக ஆக எலிகள் நெம்புகோலை மறந்துவிடும் என்றுதான் எவரும் நினைப்பர். நடந்ததோ நேர்மாறு: அழுத்தும் எண்ணிக்கை கூடிக்கொண்டே போய், 60 நாள் கழித்துச் சோதித்தபோதும் முதல் நாளைவிட மிக அதிகமாக இருந்தது.

ஏக்கத்தின் இந்த வளர்ச்சியில் பெரும்பங்கு, நரம்பணுக்களைத் தூண்டும் வேதிப்பொருளான குளுட்டமேட்டுக்கு உரியது. முன்மூளைப் புறணியும் உணர்ச்சிகளோடு தொடர்புள்ள அமிக்டலா என்னும் பகுதியும் அக்கும்பென்ஸுக்குக் குளுட்டமேட் வழியாகவே செய்தி அனுப்புகின்றன. ஏறத்தாழ ஒரு மாத விலகலுக்குப் பின், அங்குள்ள நரம்பணுக்களின் மேற்பரப்பில் கால்சியத்தை உள்ளே விடும் புதுவகை ‘ஆம்பா’ ஏற்பிகள் (குளுட்டமேட்டைப் பெறும் புரதங்கள்) முளைக்கின்றன. அதே சிறு சமிக்ஞைக்கு நரம்பணு முன்பைவிட வலுவாகத் துடிக்கிறது. அந்த ஏற்பிகளை மட்டும் மருந்தால் அடைத்தபோது, எலிகளில் வளர்ந்திருந்த தேடல் தணிந்தது என்று 2008-இல் காட்டப்பட்டது.

எலிக்கு நடந்தது மனிதருக்கும் நடக்குமா என்ற ஐயம் நியாயமானதே. 2016-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 2 நாள் முதல் ஓராண்டு வரை கொக்கெயினை விட்டிருந்த 76 பேருக்கு அது தொடர்பான படங்களைக் காட்டி, மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்தனர். விலகியிருந்த காலம் கூடக்கூட, ‘ஏக்கம் குறைந்துவிட்டது’ என்றே அவர்கள் சொன்னார்கள். அந்தப் படங்கள் எழுப்பிய மின்னலைகளோ 1 மாதம், 6 மாதம் ஆனவர்களிடம்தான் ஓங்கியிருந்தன. ஓராண்டு ஆனவர்களிடமே தணிந்திருந்தன. பொய் சொன்னார்கள் என்று கொள்ள வேண்டியதில்லை; ஏக்கத்தை எழுப்பும் நரம்புச் சுற்று நம் நினைவறிவைக் கேட்டு இயங்குவதன்று. 33 மில்லிநொடி மட்டுமே தோன்றி மறைந்த, கண்ணுக்குப் புலப்படாத கொக்கெயின் படத்துக்குக்கூட அடிமையானவர்களின் உணர்ச்சிப் பகுதிகள் கிளர்ந்தெழுவதை 2008-இல் வெளியான வேறோர் ஆய்வு ஏற்கெனவே காட்டியிருந்தது.

இப்படிப் பார்த்தால், மேலைநாடுகளில் வழக்கமாகிவிட்ட 28 நாள் சிகிச்சை முறை, ஏக்கம் ஏறுமுகத்தில் இருக்கும் வேளையில் நோயாளியை அவருடைய பழைய தெருவுக்கே, பழைய நண்பர்களிடமே திருப்பி அனுப்புகிறது. கொக்கெயின் அடிமைத்தனத்துக்கென அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஏற்ற மருந்து இதுவரை ஒன்றும் இல்லை. சிறுநீர்ப் பரிசோதனையில் கொக்கெயின் இல்லாத ஒவ்வொரு முறையும் சிறு பரிசு தரும் நடத்தைச் சிகிச்சைக்குத்தான் இப்போதைக்கு வலுவான சான்று இருக்கிறது. அதையும் ஒரு மாதத்தில் நிறுத்திவிடாமல், மின்னலைகள் ஓங்கியிருக்கும் அந்த ஆறு மாதத்தையும் தாண்டித் தொடர்வதே பொருத்தம்.