இரண்டாவது டி.என்.எஸ். கட்டத்தில் 8.8.8.8 போட்டிருக்கிறீர்களா?

"காலையில் திறந்த ஃபைல் சர்வர் மதியம் திறக்கவில்லை. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டால் சரியாகிறது, அப்புறம் மறுபடி போய்விடுகிறது." சிறிய அலுவலகங்களிலிருந்து இப்படி அழைப்பு வந்தால் நான் முதலில் பார்ப்பது, பெயர்களை ஐ.பி. முகவரிகளாக (நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் உள்ள எண்) மாற்றித் தரும் டி.என்.எஸ். அமைப்பைத்தான். பல இடங்களில் கம்ப்யூட்டரின் நெட்வொர்க் அமைப்பில் முதல் டி.என்.எஸ். கட்டத்தில் அலுவலகத்தின் சொந்த டி.என்.எஸ். சர்வர் இருக்கும். இரண்டாவதில், 'எதற்கும் இருக்கட்டும்' என்று யாரோ போட்டுவைத்த 8.8.8.8, அதாவது கூகுளின் பொது டி.என்.எஸ். சர்வர்.

முதலாவது பதில் சொல்ல சற்றுத் தாமதித்தாலே விண்டோஸ் இரண்டாவதைக் கேட்டுவிடும். வெளியே இருக்கும் அந்தச் சர்வருக்கு உங்கள் அலுவலகப் பெயர்கள் எப்படித் தெரியும்? "அப்படி ஒரு பெயரே இல்லை" என்று சொல்லிவிடும். கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அது முறையான பதில். அதனால் முதலாவதிடம் திரும்பப் போய்க் கேட்காது. அந்த 'இல்லை'யைக் கொஞ்ச நேரம் நினைவிலும் வைத்துக்கொள்ளும். இதற்கிடையில், டி.என்.எஸ். சர்வரிடம் ஒரு பெயரைக் கேட்டுச் சோதிக்கும் என்எஸ்லுக்கப் கட்டளையைப் போட்டுப் பார்த்தால் எல்லாம் சரியாகத் தெரியும். அது வழக்கமாக முதல் சர்வரை மட்டுமே கேட்கும், கம்ப்யூட்டரின் நினைவில் இருப்பதைப் பார்க்காது. அந்தப் பெயருக்குப் பிங் (ஒரு கருவி பதில் தருகிறதா என்று சோதிக்கும் கட்டளை) செய்தால்தான் குட்டு வெளிப்படும்.

இரண்டு கட்டங்களிலும் உள் சர்வர்கள்தான் இருக்க வேண்டும். ஒன்றுதான் இருக்கிறதென்றால் ஒன்றே போதும், மற்றதைக் காலியாக விடுங்கள். வெளித் தளங்களைப் பற்றிய கேள்விகளை உள் சர்வரே வெளியே அனுப்பிப் பதில் வாங்கித் தரும், 8.8.8.8-க்கு உரிய இடம் அந்த ஃபார்வர்டர் அமைப்புதான். இதற்குப் பெரிய சர்வர் தேவையில்லை, ஒரு பழைய கம்ப்யூட்டரில் டிஎன்எஸ்மாஸ்க் என்ற சிறிய டி.என்.எஸ். சர்வர் மென்பொருள் ஓடினால் போதும்.

அலுவலக நெட்வொர்க்குக்குப் பெயர் வைப்பதிலும் கவனம் வேண்டும். '.லோக்கல்' என்று முடிக்காதீர்கள். அது, டி.என்.எஸ். சர்வர் இல்லாமல் கருவிகள் தங்களுக்குள்ளேயே பெயர்களைக் கேட்டுக்கொள்ளும் எம்டிஎன்எஸ் முறைக்கென்று 2013-லேயே ஒதுக்கப்பட்டுவிட்டது. மேக் கம்ப்யூட்டர்கள் அந்தப் பெயர்களை வேறு வழியில் தேடப் போய்விடும். அலுவலகத்துக்குச் சொந்த டொமைன் இருந்தால் அதன் கீழேயே ஒரு துணைப் பெயர் வைப்பதுதான் என் முதல் தேர்வு. இல்லையென்றால், தனி நெட்வொர்க்குகளுக்கென்றே, இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பு 2024-ல் ஒதுக்கிவைத்த '.இன்டர்னல்' இருக்கிறது.

சர்வர், பிரிண்டர் இரண்டுக்கும், முகவரிகளைத் தானாக வழங்கும் டி.எச்.சி.பி.யில் ஐ.பி. முகவரியை நிரந்தரமாக ஒதுக்கிவிடுங்கள். டி.என்.எஸ். கேள்விகள் வரும் வாசலான போர்ட் 53 இணையத்தின் பக்கம் திறந்திருக்கக் கூடாது. திறந்திருந்தால் உங்கள் சர்வரை வைத்தே வேறு யாரையாவது தாக்குவார்கள். இவ்வளவும் செய்த பிறகும் ஒரு கம்ப்யூட்டரில் பிரவுசர் மட்டும் உள் பெயரைத் திறக்க மறுத்தால், அதன் அமைப்புகளில் 'பாதுகாப்பான டி.என்.எஸ்.' இயங்குகிறதா என்று பாருங்கள். அது உங்கள் சர்வரைத் தாண்டி நேராக வெளியே கேட்டுக்கொண்டிருக்கலாம்.